பலசரக்குக் கடையில் கிறிஸ்தவனாக இருப்பது

வாலிபர் கூட்டத்தில் பேசி முடித்ததும் ஒரு தம்பி எழுந்து கேட்டான். "அண்ணாச்சி, யாவாரத்துல நேர்மை பாத்தா தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போவ வேண்டியதுதான்னு எங்க மாமா சொல்லுதாவ. நீங்க எப்படி சமாளிக்கிய?" அந்தப் பையன் சொந்தமாகக் கடை வைக்கப் போகிறான். இன்னொரு பிரசங்கம் கேட்டு அவனுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து ராத்திரி கல்லாவைப் பூட்டுகிற வரைக்கும் எதை எப்படிச் செய்கிறோம் என்கிற விவரம்தான் வேண்டும். கூட்டத்தில் அதற்கு நேரம் இல்லாததால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில், நாசரேத்துக்கும் உடன்குடிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் எங்கள் கடை. அப்பா ஆரம்பித்தது, இப்போது நானும் என் மனைவியும் மகனும் பார்த்துக்கொள்கிறோம். இந்தப் பக்கம் வருகிற வெளியூர்க்காரர் கண்ணில் முதலில் படுவது மெஞ்ஞானபுரம் கிறிஸ்தவக் கோயில் கோபுரம்தான். 192 அடி, பனைமரங்களுக்கு மேலே தூரத்திலேயே தெரியும். இது வேதக்காரங்க ஊர், அதாவது கிறிஸ்தவங்க ஊர் என்று அந்தக் கோபுரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். ஆனால் வேதக்காரங்க எப்படிப்பட்டவர்கள் என்பதை அவர் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு கடையில் அரைக் கிலோ கருப்பட்டி வாங்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார். நாசரேத்தில் மிஷனரி மர்காசிஸ் ஐயர் 1878-இல் கைத்தொழில் பள்ளி ஆரம்பித்ததைச் சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் கதையாகச் சொல்வார்கள். அந்தக் காலத்திலேயே ஜெபத்தையும் தொழிலையும் இங்கே ஒன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது நாம் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, வியாபாரத்தில் இதெல்லாம் பார்க்க முடியாது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

அப்பா அடிக்கடி சொல்வது, "அவசரத்துல மனசு என்ன சொல்லும்னு யாருக்கும் தெரியாது, எல்லாத்துக்கும் முன்னாடியே ஏற்பாடு பண்ணி வச்சிரணும்." என் அனுபவத்தில் இதைவிடப் பிரயோஜனமான வார்த்தை இல்லை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை கடையில் நின்று பாருங்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டுவார்கள், கரண்டு போகும், லாரிக்காரர் போனில் கத்துவார். காலையில் வேதம் வாசித்தபோது இருந்த மனசு அந்த நேரத்தில் உங்கள் கூட இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண்கள் உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்கள், அது கோயிலுக்குப் போகும். அம்மா செய்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வீட்டில் என்ன கஷ்டம், மனசு எப்படி இருக்கிறது என்றெல்லாம் அம்மா யோசித்ததில்லை. முதலில் எடுத்துவைப்பது என்று ஒரு வழக்கம், அவ்வளவுதான். கடையிலும் நாங்கள் அப்படித்தான் ஒவ்வொன்றையும் வழக்கமாக்கி வைத்திருக்கிறோம்.

முதலில் தராசு. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் ஆரம்பிக்கிறது. சட்டப்படி எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போடணும், இரும்பு எடைக்கல்லுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் இதைப் பார்க்கிறது. முத்திரை போடுவது வருஷத்தில் ஒருநாள் வேலை, மீதி நாளெல்லாம் தராசு நம் கையில்தான் இருக்கிறது. தராசுக்கு நேர் மேலே ஃபேன் ஓடினால் காற்று தட்டை அமுக்கும், எண் இரண்டு மூன்று கிராம் ஆடும். அதனால் எங்கள் தராசை ஃபேனுக்கு அடியில் வைப்பதில்லை. அடியில் ஒரு சின்னக் குமிழி இருக்கும், அது வட்டத்துக்கு நடுவில் நின்றால்தான் தராசு மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். மேஜையைத் துடைக்கும்போது நகர்ந்துவிடும், அதனால் துடைத்ததும் பார்க்கணும். முத்திரை போட்ட ஒரு கிலோ கல் ஒன்று தனியாக இருக்கிறது, கடை திறந்ததும் அதைத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் வியாபாரம். இதை என் மகன் செய்வான், அவன் இல்லாத நாளில் கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகளில் யாராவது செய்வார்கள். முதலாளிதான் செய்யணும் என்று இல்லை, யார் செய்தாலும் எல்லாரும் பார்க்கிற மாதிரி செய்யணும்.

இன்னொன்று, கவர் எடை. தராசில் டேர் என்று ஒரு பட்டன் உண்டு. காலிக் கவரையோ காகிதத்தையோ தட்டில் வைத்து அதை அமுக்கிவிட்டு, அப்புறம் சாமானைப் போடணும். ஐந்து கிலோ அரிசிக்கு இரண்டு கிராம் கவரால் ஒன்றும் ஆகிவிடாது. ஐம்பது கிராம் மிளகுக்கும் ஏலக்காய்க்கும் அது பெரிய காசு. மொத்தமாக வாங்குகிறவர் வசதியானவர், அவர் வீட்டில் போய் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து சண்டையும் போடுவார். ஐம்பது கிராம், நூறு கிராம் என்று தினமும் வாங்குவது வேலைக்குப் போய்விட்டு இருட்டின பிறகு வருகிற அக்காமார்தான். எடைக் குறைவு எப்போதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது, அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். நீங்கள் கடை வைத்தால் சின்ன அளவு நிறுப்பதில்தான் அதிகக் கவனம் வையுங்கள் என்று அந்தத் தம்பிக்கு முதல் காரியமாகச் சொல்வேன். புளியையும் சேர்த்துச் சொல்கிறேன். புதுப்புளியை அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டு வைத்தால் ஈரம் காய்ந்து மாதம் போகப்போக எடை குறையும். பாக்கெட்டில் அரைக் கிலோ என்று எழுதியிருக்கும், உள்ளே இருக்காது. நாங்கள் போடும்போதே கொஞ்சம் கூடப் போடுகிறோம், நாளான பாக்கெட்டை விற்கும்போது மறுபடியும் நிறுத்துத்தான் கொடுக்கிறோம்.

கருப்பட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும், எங்கள் ஊர்க் கடைக்காரனுக்கு உண்மையான சோதனை அதில்தான் இருக்கிறது. பங்குனி பிறந்தால் பதநீர் தொடங்கும், ஆவணி வாக்கில் ஓய்ந்துவிடும். பனையேறுகிறவர் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால்தான் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். அதை இறக்கி, வடிகட்டி, அடுப்புச் சூட்டில் நின்று காய்ச்சி, பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவைப்பார்கள். பதநீரில் பெரும்பகுதி தண்ணீர்தான், வற்றக் காய்ச்சினால் கையில் நிற்பது கொஞ்சமே. அந்த உழைப்புக்கு விலை இருக்கத்தான் செய்யும். ஆனால் வெள்ளைச் சீனியைக் காய்ச்சி, பேருக்குக் கொஞ்சம் பழைய கருப்பட்டியைக் கலந்து அதே சிரட்டையில் ஊற்றினால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், விலை பாதிகூட ஆகாது. உடைத்துப் பார்த்தால் உள்ளே பளபளவென்று மினுங்கினால் சந்தேகப்படு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வாங்குகிற வெளியூர்க்காரருக்கு அது எங்கே தெரியும்? திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் வந்து போகிறவர்கள் காரை நிறுத்தி, உடன்குடிக் கருப்பட்டி என்று பேர் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

கலப்புக் கருப்பட்டி கொடுக்கிற ஆட்கள் கடை கடையாக வருவார்கள். "எல்லாரும் இதத்தானே விக்காவ, நீங்க மட்டும் எதுக்கு அண்ணாச்சி நட்டப்படணும்?" என்பார்கள். நாங்கள் பனையேறுகிற இரண்டு மூன்று குடும்பங்களிடம் நேரடியாக வாங்குகிறோம், சீசனில் கிடைக்கிறதை வைத்து விற்கிறோம், தீர்ந்துபோனால் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் பாதி நாள் "கருப்பட்டி இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டு இருப்போம். கடையில் நின்றுகொண்டு "இல்லை" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது வியாபாரம் பண்ணினவனுக்குத்தான் தெரியும், வாங்க வந்தவர் நம் கண்முன்னே அடுத்த கடைக்குப் போவார். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னாரே, அதில் அந்த இரண்டாவது பாதிதான் எனக்குத் தினப்படி வேலை. அப்புறம், நல்ல கருப்பட்டியாகவே இருந்தாலும் அதை மருந்து என்று சொல்லி விற்பதில்லை. சர்க்கரை வியாதிக்காரர் வந்து "இது சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாதுல்லா?" என்று கேட்பார். இதுவும் இனிப்புதான், டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்று சொல்லிவிடுகிறோம். சிலர் வாங்காமல் போவார்கள், போகட்டும். பிள்ளை பெற்ற வீட்டுக்கென்று வாங்க வருகிற தாய்மார் இந்தக் கடையைத் தேடி வருவதற்கும் அதே பேச்சுத்தான் காரணம்.

வேலை செய்கிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கூலிக்காரனுடைய கூலி விடியும் வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் 19-இல் இருக்கிறது. சரக்கு இறக்குகிற அண்ணன்மாருக்கு மூட்டை இறங்கியதும் பணம், நாளைக்கு வாங்க என்ற பேச்சே கிடையாது. இதற்கும் ஏற்பாடு வேண்டும், வெறும் நல்லெண்ணம் போதாது. லாரி வருகிற அன்று கல்லாவில் சில்லறை இல்லாமல் போகும், எல்லாரும் இப்போது போனில் பணம் அனுப்புகிறார்களே. அதனால் முந்தின நாளே இறக்குக் கூலியை ரொக்கமாக எடுத்துத் தனி டப்பாவில் வைத்துவிடுவோம். மாதச் சம்பளம் ஒன்றாம் தேதி, ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தால் சனிக்கிழமையே. அட்வான்ஸ் கேட்டால் கொடுப்போம், ஆனால் சம்பளத்தில் முழுக்கப் பிடிப்பதில்லை, ஒருவரை அட்வான்ஸால் கட்டிப்போட்டு வைப்பது எனக்குப் பயமான காரியம்.

கடையில் நிற்கிற பெண்பிள்ளைகளுக்கு ஸ்டூல் போட்டது என் மனைவிதான். "நாமளும் ரெண்டு பிள்ளையப் பெத்து வச்சிருக்கோம், காலைல இருந்து ராத்திரி வர நிக்க வச்சா அதுக காலு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டாள், மறுநாளே வாங்கிப் போட்டுவிட்டாள். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காரலாம், உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாரும் முகத்தைச் சுளிக்கக்கூடாது. அப்புறம் 2021-இல் தமிழ்நாடு அரசே கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்கணும் என்று சட்டத்தைத் திருத்தியது. கிறிஸ்தவக் கடைகள் சட்டத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டிய காரியம் இது, நம்மில் எத்தனை கடையில் சட்டம் வந்த பிறகும் ஸ்டூல் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் மனசு வலிக்கிறது. சுவரில் வசனக் காலண்டர் மட்டும் ஒழுங்காகத் தொங்கும்.

சாதியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. அது எங்கள் சபைகளுக்குள்ளும் இருக்கிறது, மூடி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. மூட்டை தூக்குகிற ஒரு பெரியவர், தலை முழுக்க நரைத்தவர். அவரைப் பள்ளிக்கூடம் போகிற பையன்கள்கூடப் பேர் சொல்லி, வா போ என்று கூப்பிடுவார்கள். அவர்கள் வீட்டில் பெரியவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகினது. எங்கள் கடையில் வேலைக்குச் சேருகிற யாராக இருந்தாலும் முதல்நாளே சொல்லிவிடுவோம்: இங்கே வயதில் மூத்தவர் எல்லாரும் அண்ணன், மாமா, தாத்தா, அக்கா, பெரியம்மா. பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. டீ எல்லாருக்கும் ஒரே தம்ளர், மதியச் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே இடத்தில். ஒரு பையன், "எங்க வீட்டுல அவியள இப்படித்தான் கூப்பிடுவோம்" என்றான். வீட்டில் உங்க அப்பா இஷ்டம், இங்கே இப்படித்தான் என்றேன். கொஞ்ச நாள் திக்கித் திக்கி "தாத்தா" என்றான், அப்புறம் பழகிவிட்டது. வாடிக்கையாளரில் இரண்டொருவருக்கு இது பிடிக்கவில்லை, வெளிப்படையாகச் சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் சபைக்காரர், ஆலயத்தில் பார்த்தால் இப்போதும் நானே முதலில் வணக்கம் சொல்கிறேன். அவர் திரும்பச் சொல்கிற நாளும் உண்டு, சொல்லாத நாளும் உண்டு.

பற்று நோட்டு. கிராமத்துக் கடையில் கடன் இல்லாமல் வியாபாரம் நடக்காது. நாங்கள் இரண்டு நோட்டு போடுகிறோம், ஒன்று கடையில், ஒன்று வாங்குகிறவர் கையில். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதணும். படிக்கத் தெரியாதவருக்கு அன்றைய தொகையை வாயால் சொல்லிவிட்டு எழுதுவோம், அவர் வீட்டுப் பிள்ளை ராத்திரி நோட்டைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளும். இதனால் "நான் இதை வாங்கவே இல்லையே" என்கிற சண்டை அனேகமாக நின்றுபோனது. கடன் கேட்பதற்கும் சில ஒழுங்கு வைத்திருக்கிறோம். நாலு பேர் நிற்கும்போது பாக்கியைப் பற்றிப் பேசுவதில்லை. சாமான் வாங்க வந்த சின்னப் பிள்ளையிடம் "உங்கம்மாவ பாக்கியக் கொடுக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்புவதே இல்லை, அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் வளாகத்தில் கடன் பேச்சு கிடையாது. கேட்க வேண்டி வந்தால் தனியாக, மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில், எவ்வளவு முடியும் என்று கேட்டு, அவர் சொல்கிற தொகையை ஏற்றுக்கொள்வோம்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குப் போவதற்கு முன்னால் நானும் என் மனைவியும் நோட்டை எடுத்து உட்காருவோம். உபாகமம் 15-இல் ஏழாம் வருஷத்தில் கடனை விட்டுவிடச் சொல்லியிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த அளவில் இனிமேல் கொடுக்கவே முடியாது என்கிற வீடுகள், புருஷன் இறந்துபோன வீடு, படுத்த படுக்கையாகக் கிடக்கிற வீடு, அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுவோம். அந்த நட்டத்தைத் தாங்குவதற்கு வருஷம் முழுக்கத் தினமும் கல்லாவை எண்ணுவதற்கு முன்னால் கொஞ்சம் எடுத்து வைக்கிறோம், இல்லாவிட்டால் வருஷக் கடைசியில் கிழிப்பதற்கு மனசு வராது. கொடுக்க முடிந்தும் கொடுக்காதவர் பாக்கியை விடுவதில்லை, அது வேறு. கேட்டு வாங்கத்தான் செய்வோம்.

இதில் ஒரு காரியம் கற்றுக்கொண்டேன். ஒரு ஆச்சி பாக்கி வைத்திருந்த கூச்சத்தில் கடை வழியாக வராமல் குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கே போய், "ஆச்சி, பழைய கணக்கு ஒண்ணும் இல்ல, கிழிச்சாச்சு. நீங்க வழக்கம்போல கடைக்கு வாங்க" என்றேன். சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தால் முகம் வாடிப்போனது. "சும்மா விட்டுட்டா எனக்கு எப்படிய்யா தூக்கம் வரும்?" என்றார்கள். மறுவாரம் முருங்கைக்காயை முந்தியில் சுற்றிக்கொண்டு வந்து கடையில் வைத்தார்கள். என் மனைவி, "நல்ல காய் ஆச்சி, இன்னிக்கே சாம்பார் வைக்கேன்" என்று வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர்கள் திரும்ப வந்திருக்கவே மாட்டார்கள். கடனை விடுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வாங்கினவர் ஏதாவது திருப்பிக் கொடுக்க ஒரு வழியைத் திறந்தே வைக்கணும். முருங்கைக்காய் வருகிற வரைக்கும் எனக்கு அது தோன்றவில்லை, என் மனைவிக்குத்தான் உடனே புரிந்தது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, கொஞ்சம் பேருக்கு இது பிடிக்காமல் போகலாம். கடன் பட்டிருக்கிறவரிடம் நான் சுவிசேஷம் பேசுவதில்லை. சாமான் பொட்டலத்துக்குள் சுவிசேஷக் கைப்பிரதி வைத்து அனுப்புவதும் இல்லை. ஊழியத்தில் எனக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம், கிராம ஊழியத்துக்குப் போகிறேன், கேட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுவேன். ஆனால் எனக்கு ஆயிரம் இரண்டாயிரம் பாக்கி வைத்திருக்கிற ஒரு அண்ணன், நான் இயேசுவைப் பற்றிப் பேசினால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? பாவம், தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். அப்படித் தலையாட்ட வைத்து ஆண்டவருக்கு ஒரு ஆத்துமாவைக் கொண்டுவந்தேன் என்று நான் சொல்ல முடியாது. எங்கள் கடையில் வேலை செய்கிற பிள்ளைகளில் இந்துப் பிள்ளைகள் உண்டு, ஒரு முஸ்லிம் தம்பி உண்டு. காலை ஜெபத்துக்கு யாரையும் நிற்கச் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அந்தத் தம்பி தொழுகைக்குப் போய்விட்டு வருவான், ஆடித் தபசுக்கும் குலசை தசராவுக்கும் லீவு கேட்டால் உண்டு. சம்பளம் கொடுக்கிற கையால் ஒருவரை விசுவாசத்துக்கு இழுப்பது அவர்கள் மேலும் அநியாயம், நம் விசுவாசத்தின் மேலும் அநியாயம் என்று நான் நினைக்கிறேன். தானாகக் கேட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டது பெரும்பாலும் பணம் சம்பந்தப்பட்ட ஏதாவது ஒரு காரியத்துக்குப் பிறகுதான், "ஏன் அண்ணாச்சி அப்படிச் செஞ்சிய?" என்று.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. 250 ரூபாய்க்குப் பதில் 2500 என்று தட்டி போனில் பணம் அனுப்பிவிடுவார்கள், ஸ்பீக்கர் சத்தமாகச் சொன்னாலும் கூட்டத்தில் கேட்காது. ராத்திரி கணக்குப் பார்க்கும்போது பில்லோடு ஒத்துப்பார்த்து, கூட வந்ததை அன்றைக்கே கூப்பிட்டுத் திருப்பி அனுப்பணும், அவர்களே வந்து கேட்கட்டும் என்று இருக்கக்கூடாது. பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் கூலிங் சார்ஜ் என்று வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, ஆனால் துஷ்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில் இருந்து வந்தால் பாதி ஷட்டரைத் தூக்கி வேண்டியதைக் கொடுத்துவிடுவோம், ஓய்வுநாளே மனுஷனுக்காகத்தானே. அப்புறம் வாய். கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஊரில் யார் வீட்டில் எண்ணெய் தீர்ந்தது, யார் வீட்டில் இந்த மாதம் அரிசி வாங்கவில்லை, எல்லாம் தெரியும். அதை அடுத்தவரிடம் சொல்லாமல் இருப்பது ஒரு பெரிய ஊழியம். சபைத் தேர்தல் நேரத்தில் இது இன்னும் கஷ்டம், இரண்டு அணியும் கடைக்கு வரும், இரண்டு பேரும் நம் வாயைக் கிண்டிப் பார்ப்பார்கள். "வாங்க மைனி, என்ன வேணும்?" என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்ளப் பழகணும்.

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன், நட்டம் வருமா வராதா? வரும். கருப்பட்டியில் வருஷா வருஷம் வியாபாரத்தை விட்டுக்கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைதான் வெளியூர்க் கார்கள் அதிகம் வருகிற நாள், அன்றைக்குக் கடை அடைப்பு. பீடி சிகரெட் வைப்பதில்லை, அதை வாங்க வருகிறவர் கூடவே வாங்கிப் போகிற சாமான் வியாபாரமும் போகிறது. நேர்மையாக இருந்தால் கர்த்தர் பத்து மடங்கு ஆசீர்வதிப்பார் என்று மேடையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். எங்களுக்குப் பின்னால் கடை வைத்த சிலர் இன்று மாடி வீடு கட்டிவிட்டார்கள், நாங்கள் அப்பா கட்டின வீட்டில்தான் இருக்கிறோம். கடை நடக்கிறது, பிள்ளைகள் படித்தார்கள், யாருக்கும் பயந்து ஒளிய வேண்டியதில்லை. திருமண மண்டபத்துக்கு மொத்தச் சாமான் வாங்குகிறவர்கள் நிறுத்துப் பார்க்காமல் லிஸ்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், பெரிய வருமானம் அதில்தான். ஆனால் அந்த நம்பிக்கை வருவதற்கு அப்பா காலம் முழுக்கப் பிடித்தது. புதிதாகக் கடை வைக்கிறவர் முதல் சில வருஷத்துக்குக் கையில் கொஞ்சம் காசு வைத்துக்கொண்டு இறங்கணும், வாடகையைக் குறைவாக வைத்துக்கொள்ளணும், பெரிய வட்டிக்கு வாங்கிக் கடை போடக்கூடாது. வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது தராசை நேராகப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

எங்கள் வீட்டிலேயே இன்னும் முடியாத ஒரு வழக்கு இருக்கிறது. திடீரென்று விலை ஏறும்போது பழைய விலைக்கு வாங்கி வைத்த சரக்கை எந்த விலைக்கு விற்பது? எண்ணெய் விலையோ பருப்பு விலையோ ஒரே வாரத்தில் எகிறிவிடும். கைவசம் இருப்பது குறைந்த விலைக்கு வாங்கினது, அதனால் இருக்கிற வரைக்கும் பழைய விலைக்கே கொடுக்கணும் என்பது என் கட்சி. "அப்பா, அத வித்த காசுக்குத் திரும்ப அதே மூட்டைய வாங்க முடியாதே, முதல் கரைஞ்சிட்டே போனா கடையே இருக்காதே" என்பான் மகன், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போதாததற்குப் பழைய விலை என்று தெரிந்ததும் வசதியானவர்கள்தான் முதலில் வந்து டின் டின்னாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். இப்போதைக்குப் பழைய சரக்கை வீட்டுக்கு ஒரு லிட்டர், ஒரு கிலோ என்று அளவு வைத்து, பற்று நோட்டு வீடுகளுக்கும் கூலி வேலைக்குப் போகிற வீடுகளுக்கும் பழைய விலையில் கொடுக்கிறோம், மொத்தமாக வாங்குகிறவர்களுக்குப் புது விலை. ஒரே நாளில் ஒரே எண்ணெய்க்கு இரண்டு விலை வைப்பது சரியா என்று மகன் கேட்கிறான், கடையில் யாராவது கேட்டுவிட்டால் விளக்கம் சொல்லத் திணறுகிறோம். வியாபாரத்தில் இருக்கிற விசுவாசிகள் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று தெரிந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.